புதிய தையல் சேனலுக்கு முதல் ஆயிரம் பேர்: தேடலா, ஷார்ட்ஸா, நேரலையா, விளம்பரமா?

தையல் நன்றாகத் தெரிந்த ஒருவர் யூடியூப் சேனல் தொடங்குகிறார். கையில் ஒரு போன், ஒரு ஸ்டாண்ட், வாரத்துக்கு ஆறு மணி நேரம். தீபாவளி ஆர்டர் வந்துவிட்டால் அந்த ஆறும் மூன்றாகிவிடும். இந்த நேரத்தை எதில் போட்டால் பார்வையாளர் சேர்வார்கள்? "எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் பண்ணுங்க" என்பது ஆள் வைத்துச் சேனல் நடத்துபவருக்குப் பொருந்தும். தனியாளுக்கு அந்த யோசனை ஆகாது. நான்கு கிணற்றை நாலடி நாலடியாகத் தோண்டிய கதையாகிவிடும்.

தையலை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இது கற்றுத்தரும் சேனல். ஆண்டு முழுக்கத் தேவை இருக்கும். கண்ணால் பார்த்தால்தான் புரியும். மோட்டார் ரிப்பேர், சமையல், டேலி கணக்கு என்று கற்றுத்தரும் எந்தச் சேனலுக்கும் கீழே உள்ள கணக்கு ஏறத்தாழ பொருந்தும். நகைச்சுவை, அரசியல், சினிமா விமர்சனம் செய்பவர்களுக்குப் பொருந்தாது.

எல்லைக்கோட்டை மணி நேரமாக அல்ல, பார்வையாகக் கணக்குப் போடுங்கள்

விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு இரண்டில் ஒன்று: கடந்த 12 மாதங்களில் பொதுவில் உள்ள வீடியோக்களை மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாட்களுக்குள் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வைகள் வந்திருக்க வேண்டும். 2023-இல் இதற்குக் கீழே இன்னொரு படி வைத்தார்கள்: 500 சப்ஸ்கிரைபர்கள், 90 நாட்களில் 3 வீடியோக்கள், 3,000 மணி நேரம் அல்லது 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகள். அந்தப் படியில் மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் போன்று பார்வையாளரே பணம் தரும் வசதிகள் திறக்கும். விளம்பரப் பங்கு கிடையாது.

4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒரு வீடியோவை ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வைகள் போதும். 40 வீடியோக்கள், ஒவ்வொன்றுக்கும் 1,500 பார்வை, அவ்வளவுதான். ஷார்ட்ஸ் வழியில் 1 கோடியை 90-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,11,000-க்கும் மேல் வருகிறது. அதுவும் மூன்று மாதம் இடைவிடாமல். ஒரு ஷார்ட்ஸ் வெடித்து 20 லட்சம் போனாலும் ஐந்தில் ஒரு பங்குதான் முடிந்தது. மீதிக்கு அடுத்த வெடி வேண்டும். 91-ஆம் நாள் வந்ததும் முதல் நாளின் பார்வைகள் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள். திரும்ப ஓடினால் இன்னொன்று. ஆனால் பார்ட்னர் திட்டத் தகுதிக்கு, அதாவது மேலே சொன்ன வருமானத் தகுதிக்கு, அந்த எண் செல்லாது. உண்மையில் நின்று பார்த்தவர்களின் கணக்கு யூடியூப் ஸ்டூடியோவில் (சேனல் நடத்துபவருக்கான பக்கம்) தனியாக இருக்கும், அதுதான் செல்லும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் 4,000 மணி நேரத்திலும் சேராது. இந்த இரண்டும் தெரியாமல், போனில் காட்டும் எண்ணைப் பார்த்து "இன்னும் பாதி தூரம்தான்" என்று நினைத்திருப்பவர்கள் நிறைய.

ஆகவே கற்றுத்தரும் சேனல் தனியாளாக நடந்தால், முதல் ஆயிரத்துக்குத் தேடலில் வரும் நீள வீடியோதான் முதன்மை வழி. ஷார்ட்ஸ் அதற்குத் துணை. மற்றதெல்லாம் பிறகு. ஏன் என்பதும், எப்போது இந்த முடிவு தப்பாகும் என்பதும் கீழே.

தேடல் வழி: கேள்வியைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை

புதுச் சேனலை யூடியூப் யாருக்குப் பரிந்துரைக்கும்? அதற்கே தெரியாது. உங்கள் வீடியோவை யார் கடைசிவரை பார்க்கிறார்கள் என்ற தகவல் சேர்ந்தால்தான் அதே போன்றவர்களின் முகப்புப் பக்கத்தில் காட்டும். தேடலில் அந்தக் காத்திருப்பு குறைவு. வருகிறவர் தன் தேவையைத் தானே தட்டச்சு செய்துவிட்டுத்தான் வருகிறார். சேனலின் வயதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கைக்குழியில் சுருக்கம் விழுகிறது, நாளைக்குக் காலையில் பிளவுஸ் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை.

"பிளவுஸ் கட்டிங்" என்று மொட்டையாகத் தலைப்பு வைத்தால் லட்சக்கணக்கில் சப்ஸ்கிரைபர் உள்ள சேனல்களுக்குப் பின்னால் போய் நிற்பீர்கள். கேள்வியைக் குறுக்க வேண்டும். செய்முறை இது: பிரவுசரில் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து, கணக்கில் நுழையாமல், யூடியூப் தேடல் பெட்டியில் "பிளவுஸ்" என்று அடித்து நிறுத்துங்கள். கீழே விரியும் வரிகள் மக்கள் உண்மையில் தேடுபவை. பிறகு "பிளவுஸ் க", "பிளவுஸ் கை", "பிளவுஸ் முன்" என்று எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் புது வரிகள் வரும். அவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். அதே பொருளை ஒருவர் பிளவுஸ் என்பார், இன்னொருவர் ஜாக்கெட் என்பார், வேறொருவர் ரவிக்கை என்று தேடுவார். தமிழ் எழுத்தில் தேடுபவர் ஒரு பக்கம். தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் அடிப்பவர் இன்னொரு பக்கம். மைக்கை அமுக்கிப் பேசித் தேடுபவர் மூன்றாவது. ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லுக்கே மூன்று நான்கு விதமாக எழுத்துக்கூட்டுவார்கள். அதனால் தலைப்பை இரண்டு பாதியாக வைப்பது நல்லது: முதல் பாதியில் தமிழ் எழுத்தில் கேள்வி, ஒரு கோடு போட்டு, அடுத்த பாதியில் ஆங்கில எழுத்தில் அதே கேள்வி. தலைப்புக்கு 100 எழுத்து எல்லை உண்டு. போனில் அதில் பாதிகூடத் தெரியாது. எனவே தேடும் சொல் முதலில் வர வேண்டும். "வணக்கம் தோழிகளே இன்று நாம்" என்று தலைப்பு தொடங்கினால் அந்த இடம் வீண். ஜாக்கெட், ரவிக்கை போன்ற மாற்றுச் சொற்களை விளக்கப் பகுதியின் முதல் இரண்டு வரிகளில் இயல்பான வாக்கியமாக எழுதுங்கள். ஹேஷ்டேக் மூன்றுக்கு மேல் தேவையில்லை; 60-ஐத் தாண்டினால் யூடியூப் அத்தனையையும் புறக்கணித்துவிடும்.

நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் திரும்பத் தேடி, முதல் ஐந்து வீடியோக்களைப் பாருங்கள். மூன்று விஷயம் கவனியுங்கள். எவ்வளவு பழையவை? தலைப்பில் உள்ள கேள்விக்கு எத்தனையாவது நிமிடத்தில் பதில் வருகிறது? கமெண்டில் "அளவு சரியா தெரியல அக்கா", "38 சைஸுக்கு எப்படி" என்று பதில் கிடைக்காத கேள்விகள் தொங்குகின்றனவா? மூன்றில் இரண்டுக்கு "ஆமாம், இடைவெளி இருக்கிறது" என்றால் அதை எடுங்கள். அந்தத் தொங்கும் கமெண்ட்டுகள்தான் உங்கள் அடுத்த பத்து வீடியோக்களின் தலைப்பு.

அப்படிக் குறுக்கினால் கிடைப்பவை இப்படி இருக்கும்: முன்பக்கக் கைக்குழியில் சுருக்கம் ஏன் வருகிறது, 38 அளவு லைனிங் பிளவுஸுக்கு எவ்வளவு துணி, அளவு பிளவுஸ் இல்லாமல் உடம்பில் அளவெடுப்பது எப்படி, மெஷினில் மேல் நூல் அறுந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் மெஷின் வைத்திருக்கும் வீட்டில் எல்லாம் என்றாவது ஒருநாள் அது வந்தே தீரும். கேட்பவர் அந்த நிமிடமே பதில் தேடுவார். ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பது, நூல் டென்ஷன் அதிகமாக முறுக்கியிருப்பது, முனை மழுங்கிய ஊசி என்று மூன்று காரணத்தைக் காட்டினால் பெரும்பாலோர் பிரச்சினை தீர்ந்துவிடும். தீர்ந்தவர் சப்ஸ்கிரைப் செய்வார். "டாப் 10 டிசைன்" பார்த்தவர் அப்படிச் செய்வது குறைவு.

வீடியோ எவ்வளவு நீளம்? பதில் முடியும் வரை. நூல் அறுவதற்கு 4 நிமிடம் போதும். பிரின்சஸ் கட் முழு வெட்டுமுறைக்கு 18 நிமிடம்கூட நியாயம். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்றவும், சொந்தத் தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்) வைக்கவும் போன் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். சேனல் தொடங்கிய நாளே அதை முடித்துவிடுங்கள். நீள வீடியோவில் அத்தியாயங்கள் கட்டாயம் வையுங்கள், அதாவது எந்த நேரத்தில் எந்தப் பகுதி என்று விளக்கத்தில் குறியுங்கள்: முதல் நேரக்குறி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள், ஒவ்வொரு அத்தியாயமும் 10 விநாடிக்குக் குறையாமல். இதில் ஒன்று தவறினாலும் அத்தியாயம் காட்டாது. "அத்தியாயம் வைத்தால் ஜனங்கள் தாவிவிடுவார்களே" என்ற பயம் வேண்டாம். தாவ வழியில்லாதவர் மூடிவிட்டுப் போய்விடுவார்.

தொடக்கம்தான் பெரும்பாலான சேனல்கள் சறுக்கும் இடம். லோகோ சுழலும் 8 விநாடி, வணக்கம், "சேனலுக்குப் புதுசுன்னா சப்ஸ்கிரைப் பண்ணி, பக்கத்துல இருக்கிற பெல் ஐகானை அமுக்கிடுங்க", பிறகு "வாங்க வீடியோவுக்குள்ள போகலாம்". இவ்வளவும் முடிய 40 விநாடி. ஸ்டூடியோவில் பார்வையாளர் நிலைப்பு வரைபடத்தைத் திறந்தால் 30-ஆவது விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மீதி என்று எழுதியிருக்கும். 50-க்குக் கீழே இருந்தால் கோளாறு உங்கள் தையலில் இல்லை, முன்னுரையில் இருக்கிறது. மாற்று: முதல் 5 விநாடியில் சுருக்கம் விழுந்த பிளவுஸ், அடுத்த 5 விநாடியில் சரிசெய்த பிளவுஸ், பிறகு ஒரே வரியில் காரணம்: "முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தை விட அரை இஞ்ச் கூடுதலாகக் குடையணும், அது விட்டுப்போச்சு." காரணத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று தோன்றும். எப்படிக் குடைவது என்று கத்தரி பிடித்துக் காட்டும் வரை பார்ப்பார்கள், அதற்குத்தானே வந்தார்கள். சப்ஸ்கிரைப் வேண்டுகோளை பதில் கிடைத்த இடத்துக்குப் பின்னால், ஒரே வரியில் வையுங்கள்.

வரைபடத்தில் நடுவே ஒரு பள்ளம் இருந்தால் அந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். தையல் வீடியோவில் அது பெரும்பாலும் நேராக ஓடும் நீண்ட தையல், அதை வேகப்படுத்தலாம். மேடு இருந்தால் அந்த இடத்தைப் பலர் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மேடு இரண்டு காரணத்தால் வரும்: அங்கே அருமையான விஷயம் இருக்கிறது, அல்லது அங்கே நீங்கள் சொன்ன அளவு காதில் விழவில்லை. கமெண்டைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டாவது என்றால் அடுத்த வீடியோவிலிருந்து ஒவ்வொரு அளவையும் திரையில் எழுத்தாகவும் போடுங்கள். மெஷின் மோட்டார் ஓடும்போது பேசாதீர்கள். தைத்து முடித்துவிட்டுக் குரலைத் தனியாகப் பதிவுசெய்து ஒட்டுவது, இரண்டாயிரம் ரூபாய் மைக் வாங்குவதை விடப் பலன் தரும்.

தம்ப்நெயில் 1280×720 அளவில். தமிழ் வார்த்தைகள் நீளமானவை; மூன்று சொல்லுக்கு மேல் போட்டால் போனில் எறும்பு வரிசைதான். வலது கீழ் மூலையில் எதுவும் எழுதக்கூடாது, வீடியோவின் நேரம் காட்டும் கறுப்புப் பட்டை அங்கே உட்காரும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைத்ததைப் படம் எடுத்துத் தம்ப்நெயில் வைப்பதும் நடக்கிறது. வெளிர் நிறத் துணி, அடர் நிற நூல், கோளாறான இடத்தில் ஒரு வட்டம், இது போதும். தம்ப்நெயில் காட்டப்பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் தொட்டார்கள் என்ற எண், பாதிச் சேனல்களுக்கு 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. வீடியோ பரவலாகக் காட்டப்படும்போது இந்த எண் இறங்குவது இயல்பு. 9-இலிருந்து 4-க்கு வந்துவிட்டது என்று பதறி, நன்றாக ஓடும் வீடியோவின் தலைப்பை மாற்றிவிடாதீர்கள். முதலில் மொத்தம் எத்தனை பேருக்குக் காட்டினார்கள் என்று பாருங்கள். அது ஏறியிருந்தால் எல்லாம் சரியாகத்தான் போகிறது.

இந்த வழியின் குறை பொறுமையைத் தின்பது. முதல் இரண்டு மாதம் ஒரு வீடியோவுக்கு நாளைக்குப் பத்துப் பார்வை வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்து அடுத்த ஆண்டும் வரும், பண்டிகைக்கு முன் இருபதாகும். தீபாவளி, பொங்கல் டிசைன் வீடியோக்களைப் பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கும் காலம் அதுதான். யூனிஃபார்ம் தையல் ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன், மே முதல் வாரத்தில்.

ஷார்ட்ஸ்: கூட்டம் வரும், கடைக்குள் வருமா?

டிக்டாக் தடைசெய்யப்பட்டது 2020 ஜூன் இறுதியில்; அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் சோதனையை இந்தியாவில்தான் முதலில் தொடங்கியது. அன்றிலிருந்து இங்கே அதற்குத் தனிக் கூட்டம். சப்ஸ்கிரைபரே இல்லாத சேனலின் ஷார்ட்ஸும் ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் முன் போய் நிற்கும். வேறு எந்த வழியிலும் அது நடக்காது. மறுக்க முடியாத பலம் அது.

பலவீனம் பார்ப்பவரின் மனநிலையில் இருக்கிறது. ஷார்ட்ஸ் பார்ப்பவர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மாதிரி. கடைப் பெயரைப் படிப்பார், இறங்க மாட்டார். ஒரு ஷார்ட்ஸால் 3,000 சப்ஸ்கிரைபர் வந்த சேனலில் அடுத்த நீள வீடியோவுக்கு 80 பார்வை வருவது இதனால்தான். அவர்கள் சப்ஸ்கிரைப் செய்தது 20 விநாடி நாட்ஸ் கட்டும் வித்தைக்கு. 14 நிமிட கட்டிங் பாடத்துக்கு அல்ல. எண்ணைப் பார்த்தால் சேனல் வளர்ந்தது போலிருக்கும், மணி நேரக் கணக்கு அசையாது.

பணமும் அப்படித்தான். நீள வீடியோவில் ஓடும் விளம்பரத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. ஷார்ட்ஸில் விளம்பரப் பணத்தைப் பொதுத் தொகுப்பில் போட்டு, பார்வை விகிதப்படி பிரித்து, அதில் 45 சதவீதம். சினிமாப் பாட்டு ஒன்றைப் பின்னணியில் போட்டால் அந்த ஷார்ட்ஸுக்கான தொகையில் பாதி இசை உரிமைக்குப் போய்விடும். மீதிதான் பிரிப்புக்கு வரும். நம் ஆட்களுக்குப் பாட்டில்லாமல் வீடியோ போடக் கை வராது. கத்தரி துணியை வெட்டும் சத்தமே நல்ல பின்னணிதான், ஒருமுறை முயன்று பாருங்கள்.

அப்படியென்றால் ஷார்ட்ஸ் வேண்டாமா? வேண்டும், வாசல் பலகையாக. நீள வீடியோ எடுக்கும்போதே அதிலிருந்து இரண்டு துண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 முதல் 40 விநாடி. 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை ஷார்ட்ஸாக ஏற்றலாம் என்றாலும், இந்த வேலைக்கு அவ்வளவு தேவையில்லை. முதல் இரண்டு விநாடியில் கோளாறு தெரிய வேண்டும், முடிவில் பாதிப் பதில் கிடைக்க வேண்டும், முழுப் பதில் நீள வீடியோவில். ஷார்ட்ஸின் விளக்கத்திலோ கமெண்டிலோ இணைப்புப் போட்டால் 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து அது தொட்டால் திறக்காது. அதற்குப் பதிலாக ஸ்டூடியோவில் அந்த ஷார்ட்ஸின் விவரப் பக்கத்தில் தொடர்புடைய வீடியோவைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதில் உங்கள் நீள வீடியோவை இணையுங்கள். இதைச் செய்யாமல் நூறு ஷார்ட்ஸ் போட்டவர்கள் இருக்கிறார்கள். "முழு வீடியோ சேனல்ல இருக்கு, போய்ப் பாருங்க" என்று வாயால் சொல்வது காற்றோடு போகும்.

இன்னொரு தப்பு, கிடைமட்டமாக எடுத்த நீள வீடியோவை அப்படியே நடுவில் வெட்டிச் செங்குத்தாக ஆக்குவது. கத்தரி ஒரு பக்கம், கை இன்னொரு பக்கம் அறுந்துபோகும். முக்கியமான அந்த இரண்டு இடங்களை மட்டும் போனை நிமிர்த்தி மறுபடி ஒருமுறை எடுங்கள். பத்து நிமிடக் கூடுதல் வேலை.

ஷார்ட்ஸே முதன்மையாக இருக்க வேண்டிய சேனலும் உண்டு: சொல்ல வேண்டியது உண்மையிலேயே அரை நிமிடத்தில் முடிகிற கலை. கோலம், மெஹந்தி, ஆரி வேலையில் ஒரு பூ. பேச்சே தேவைப்படாத காட்சி மொழி எல்லையைத் தாண்டும். நீள வீடியோவிலும் அது நடக்கும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல் சாட்சி; 2018-இல் தொடங்கி 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது, தமிழ் தெரியாதவர்களும் பார்த்துத்தான். ஆனால் பிளவுஸ் அளவுக்கணக்கைப் பேசாமல் புரியவைக்க முடியாது. அதனால் தையலுக்கு அந்தப் பாதை பாதிதான் பொருந்தும்.

மற்ற வழிகள், சுருக்கமாக

டிரெண்டைப் பிடிப்பது: ஒரு சீரியல் நடிகை போட்ட பிளவுஸ் மாடல் பேசப்படும்போது அதைத் தைத்துக் காட்டுவது. இரண்டு வாரம் ஓடும், பிறகு நின்றுவிடும். மாதம் ஒன்று போடலாம், ஆனால் சீரியல் காட்சியை வெட்டி ஒட்டக்கூடாது. பிறர் காட்சிகளைத் தூக்கி வைத்த சேனல்களும், ஒரே வார்ப்பில் கணினிக் குரல் வைத்து அடுக்கடுக்காக உற்பத்தி செய்த சேனல்களும் பார்ட்னர் திட்டப் பரிசீலனையில் தள்ளப்படுகின்றன. ஆயிரம் பேர் சேர்ந்த பிறகு அது நடந்தால் வலி அதிகம்.

உறவினர் வாட்ஸ்அப் குழு: சித்தி, மாமா எல்லோரும் அன்போடு திறப்பார்கள், 20 விநாடியில் மூடுவார்கள். கெட்டது என்னவென்றால் உங்கள் முதல் வீடியோக்களின் வரைபடம் கலங்கிவிடும்; முன்னுரை சரியில்லையா, அல்லது மாமாவுக்குப் பிளவுஸ் தைப்பதில் ஆர்வமில்லையா என்று பிரித்தறிய முடியாது. தையல் பழகுபவர்கள் உள்ள குழுவில் யாராவது கேள்வி கேட்கும்போது, பதிலை இரண்டு வரியில் எழுதிவிட்டு, வீடியோவில் அந்த இடத்துக்கே போகும் நேரக்குறி இணைப்பைக் கொடுத்தால் பலன் வேறு. கேள்வியே இல்லாத இடத்தில் இணைப்பைக் கொட்டினால் குழுவிலிருந்து நீக்குவார்கள், நியாயம்தான்.

"நீ எனக்குப் பண்ணு, நான் உனக்குப் பண்றேன்" என்று சப்ஸ்கிரைப் மாற்றிக்கொள்ளும் குழுக்கள் யூடியூப் விதிப்படியே தடை. விதியை விடுங்கள், அப்படி வந்த 400 பேரில் ஒருவரும் தைக்க மாட்டார்.

காசு கொடுத்து விளம்பரம்: ஸ்டூடியோவிலேயே செய்யலாம். விளம்பரம் வழியாக வந்த நேரம் 4,000 மணி நேரக் கணக்கில் சேராது என்ற ஒரு விதியே, இதைத் தகுதிக்கான வழியாக நினைப்பவர்களுக்குப் போதுமான பதில். ஒரே விதிவிலக்கு, சேனலுக்குப் பின்னால் ஒரு தையல் வகுப்போ கடையோ இருப்பது. மதுரையில் வகுப்பு நடத்துபவர் மதுரைப் பக்கம் மட்டும் காட்டும்படி விளம்பரம் வைத்து, வந்த மாணவர் எண்ணிக்கையால் லாபநட்டம் பார்க்கலாம். அங்கே பார்வை எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை.

நேரலை: போனிலிருந்து நேரலை போட 50 சப்ஸ்கிரைபர் வேண்டும், முதல் தடவை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகும், அதனால் அறிவித்த நாளன்று போய்த் திறக்காதீர்கள். ஒரு மணி நேர நேரலையில் சராசரி 20 பேர் இருந்தால் 20 மணி நேரம் சேரும். அந்தக் கணக்கில் 4,000-க்கு 200 நேரலை. பார்வையாளர் சேர்க்கும் வழியாக இது தேறாது. ஏற்கனவே வந்தவர்களைப் பிடித்துவைக்கும் வழியாக நன்று: 300 பேர் சேர்ந்த பிறகு மாதம் ஒரு ஞாயிறு மதியம், கமெண்டில் கேட்ட சந்தேகங்களுக்கு மட்டும். முடிந்ததும் "கேக்குதா, கேக்குதா" என்ற முதல் ஐந்து நிமிடத்தை ஸ்டூடியோ எடிட்டரில் வெட்டிவிட்டு, பதிவைப் பொதுவிலேயே வையுங்கள். தனிப்பட்டதாக மாற்றினால் அந்த நேரம் தகுதிக் கணக்கிலிருந்து போய்விடும்.

இன்னொரு சேனலோடு கைகோப்பது இவற்றில் சிறந்தது, ஆனால் யாரோடு என்பதில்தான் எல்லாம். இன்னொரு பிளவுஸ் கட்டிங் சேனல் உங்களுக்கு இடம் தராது. ஆரி வேலை செய்பவர், புடவைக்கு முன்மடிப்பு வைத்துத் தருபவர், தையல் மெஷின் மெக்கானிக். இவர்களின் பார்வையாளருக்கு உங்கள் வீடியோ தேவைப்படும், உங்கள் பார்வையாளருக்கு அவர்களுடையது. உங்களை விட இரண்டு மூன்று மடங்கு பெரிய சேனலைக் கேளுங்கள், நூறு மடங்கு பெரியதை அல்ல. கேட்கும்போதே வேலையைப் பிரித்துச் சொல்லுங்கள்: நான் வெட்டித் தைத்துத் தருகிறேன், நீங்கள் கழுத்தில் ஆரி போடுங்கள், என் பாதி என் சேனலில், உங்கள் பாதி உங்கள் சேனலில், இரண்டின் இறுதித் திரையிலும் (முடிவில் அடுத்த வீடியோவைக் காட்டும் இடம்) மற்றது. இறுதித் திரை கடைசி 5 முதல் 20 விநாடிக்குள்தான் வைக்க முடியும், அதற்காக முடிவில் பேச்சை நீட்டி 20 விநாடி விட்டு எடுங்கள். "நன்றி வணக்கம்" சொன்ன பிறகு இறுதித் திரை வந்தால் அதற்குள் பாதிப்பேர் போயிருப்பார்கள்.

ஆறு மணி நேரம், பன்னிரண்டு வாரம்

வாரக் கணக்கு இப்படி வரும்: கேள்வி தேர்வுக்கு அரை மணி, படப்பிடிப்புக்கு இரண்டு மணி, வெட்டி ஒட்டிக் குரல் சேர்க்க இரண்டு மணி, தலைப்பு தம்ப்நெயிலுக்கு முக்கால் மணி, கமெண்ட் பதிலுக்கு முக்கால் மணி. வாரம் ஒரு நீள வீடியோ, அதிலிருந்து இரண்டு ஷார்ட்ஸ். பன்னிரண்டு வாரத்தில் 12-ம் 24-ம். தினம் ஒன்று போட்டால்தான் யூடியூப் ஏற்றிவிடும் என்பது வெறும் பேச்சு. தினம் ஒன்று போடுபவர் ஐந்தாவது வாரம் ஓய்ந்துபோவதுதான் நடக்கிறது.

பன்னிரண்டாம் வாரம் ஸ்டூடியோவில் பார்வையாளர் எங்கிருந்து வருகிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து, நீள வீடியோக்களை மட்டும் வைத்துப் பாருங்கள். யூடியூப் தேடல் முதலிடத்தில், பரிந்துரை வீடியோக்கள் மெல்ல ஏறிக்கொண்டு இருந்தால் பாதை சரி. அடுத்த பன்னிரண்டையும் இப்படியே. தேடலும் இல்லை, எதுவும் இல்லை என்றால் கேள்வித் தேர்வு அகலமாக இருந்திருக்கிறது. "பிளவுஸ் கட்டிங்" பக்கம் மறுபடி போய்விட்டீர்களா என்று பாருங்கள். தேடலில் காட்டுகிறார்கள், ஆனால் தொடவில்லை என்றால் தம்ப்நெயில். தொடுகிறார்கள், 30 விநாடியில் போகிறார்கள் என்றால் முன்னுரை. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் ஷார்ட்ஸுக்குத் தாவினால் அதே கோளாறு அங்கேயும் கூடவே வரும்.

தேடல் நன்றாக ஓடத் தொடங்கியதும் அதிலேயே நின்றுவிடுவது அடுத்த ஆபத்து. தேடி வந்தவர் பதிலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரை இரண்டாவது வீடியோவுக்குக் கூட்டிப்போக, ஒரே பிளவுஸை அளவெடுப்பு, வெட்டு, லைனிங் சேர்ப்பு, கை வைப்பது, கொக்கி கட்டுவது என்று ஐந்து வீடியோவாக எடுத்து ஒரு பிளேலிஸ்ட்டாகக் கோத்துவிடுங்கள். முதல் வீடியோவிலிருந்து கடைசி வரை அதே துணி, அதே நிறம் இருக்கட்டும். பக்கத்தில் பரிந்துரையாக வரும் தம்ப்நெயிலில் அதே பச்சைத் துணியைப் பார்த்ததும், "இது நான் பார்த்ததோட தொடர்ச்சி" என்று படிக்காமலேயே தெரிந்துவிடும். ஐந்துக்கும் ஒரே மூச்சில் துணி வாங்கிவிடுங்கள். மூன்றாவது வீடியோவுக்கு அதே நிறம் கடையில் கிடைக்காது.